கசியாத ஹாம்பர்கர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆறுச்சாமி கொத்துக்கறியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். சின்னச் சுத்தியல்தான். தாம்பாளத்தில் பரப்பி வைத்த எட்டுக் கறி வட்டங்களையும் ஆளுக்கொரு தட்டு தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்கிறார். ஏழு தேறிவிட்டன. எட்டாவது என்ன சொல்லித் தொலைத்ததோ, அதை எடுத்து மறுபடியும் மர அச்சுக்குள் போட்டு, கட்டையால் நங்கு நங்கென்று இறுக்குகிறார்.

"உள்ள காத்து நிக்குதுங்க மாஸ்டர். காத்து நின்னா காஸ்டிங் உருப்படாதுங்க."

அது இரும்பில் வார்க்கும் காஸ்டிங் இல்லை, ஹாம்பர்கர் என்று அவரிடம் சொல்லும் தைரியம் பீளமேட்டில் யாருக்கும் கிடையாது. அடுத்த வீட்டில் குடியிருந்துகொண்டு, தெரு முனையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் எனக்கும் கிடையாது. ஒரு வருடமாக ஞாயிறுதோறும் வாங்கித் தின்றுவிட்டு "நல்லாருக்குங்க" என்று சொல்லிவருகிறேன். பாவம் செய்தவன் கதை சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆறுச்சாமிக்கு உத்தியோகம் ஒரு பம்ப்செட் கம்பெனியில், கடைசிச் சோதனை இன்ஸ்பெக்டர். பதினேழு வயதில் வார்ப்படப் பட்டறையில் மண் இறுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். மண் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு வார்ப்பு நன்றாக வரும் என்பது அவர் கைக்கு முதலில் தெரிந்த பாடம். இன்றைக்கு, வார்த்து வந்த பம்பின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தமாக ஏற்றிவிட்டு, டார்ச்சுடன் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எங்காவது ஒரு முத்துத் தண்ணீர் வேர்த்தால் போதும். சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸ் வரும். வேர்த்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் விழும். வட்டம் விழுந்த பம்பு முதலாளியே வந்து நின்றாலும் வெளியே போகாது.

இருபத்திரண்டு வருடம் இதையே செய்தால் மனிதன் வேறு எப்படி இருப்பான்? டீக்கடையில் தம்ளரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். காரமடைத் தேருக்குப் போனால் சக்கரத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் ரங்கநாதரைக் கும்பிடுவார். நான் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வந்தவர்களெல்லாம் பாத்திரம் பண்டம் கொடுத்தார்கள். இவர் சமையலறைச் சுவரில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். "மழ பேஞ்சா இங்க ஊறுமுங்க." ஐப்பசியில் அங்கேதான் ஊறியது. ஓர் அங்குலம் கூடத் தள்ளவில்லை.

போன வருடம், தொண்ணூற்றாறில், கம்பெனி அவரை அமெரிக்காவில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்குப் பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பியது. போய்வந்தவர்கள் உயர்ந்த கட்டடங்களைப் பற்றிச் சொல்வார்கள், ரோட்டில் எச்சில் இல்லை என்பார்கள். ஆறுச்சாமி கொண்டுவந்தது ஒரே ஒரு காட்சி. அந்த ஊர் ஃபோர்மேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுப் புழக்கடையில் இரும்புக் கம்பி அடுப்பு மூட்டி, கறியை வட்டமாகத் தட்டி வாட்டி, பன்னுக்குள் வைத்து எல்லோருக்கும் கொடுத்தானாம்.

"கடிச்ச உடனே சாறு பொங்குதுங்க மாஸ்டர். மணிக்கட்டுல எறங்கி, மொழங்கை வரைக்கும் வழிஞ்சு, சொட்டுச் சொட்டாப் புல்லுல உழுகுது. வெள்ளக்காரன் தொடைக்கவே இல்லீங்க. அப்படியே உட்டுப்போட்டுச் சிரிக்கறான்."

இதைச் சொல்லும்போது அவர் தன் முழங்கையைத் தூக்கிக் காட்டுவார். கண் கலங்காத குறைதான். அது என்ன கறி என்று அவர் மனைவி மாசாணியம்மாள் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

ஊர் வந்த இரண்டே மாதத்தில் அடுப்பு தயாராகிவிட்டது. பட்டறையில் மிஞ்சிய இரும்பை உத்தரவு வாங்கி வார்த்து எடுத்த கம்பித்தட்டு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். நாலு காலுக்கும் போல்ட் திருகி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்திருக்கிறார். அடியில் பொள்ளாச்சியிலிருந்து மூட்டையாக வரவழைத்த கொட்டாங்குச்சிக் கரி. இத்தனையும் புழக்கடை முருங்கை மரத்தடியில். மாசாணியம்மாள் கறி சாப்பிடுவதில்லை. அது வாசற்படி தாண்டி உள்ளே வரவும் கூடாது. அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பதோடு சரி.

செய்முறையைச் சொல்கிறேன், வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். செய்ய வேண்டாம். கறிக்கடையிலிருந்து வந்த ஆட்டுக் கொத்துக்கறியில் வெள்ளையாகத் தெரியும் கொழுப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி வாழை இலையில் ஒதுக்குவார். அது கசடாம். இரும்பில் கசடு நிற்கலாமா? பிறகு மிளகும் உப்பும் நசுக்கிய சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து, தேக்கில் கடைந்த அச்சுக்குள் அடைத்து, கட்டையால் இறுக்குவார். வெர்னியர் வைத்துக் கனம் அளப்பார். இருபது மில்லிமீட்டர். பத்தொன்பது இருந்தாலும் திரும்ப அச்சுக்குத்தான்.

அடுப்பில் போட்டதும்தான் நிஜமான துயரம் தொடங்கும். கொழுப்பு போனது போக மிச்சமிருக்கும் கொஞ்சம் ஈரம் சூட்டில் வெளியே வந்து, கரி மேல் விழுந்து, 'சுர்' என்று சத்தம் போடும். ஆறுச்சாமிக்கு அந்தச் சத்தம் ஆகாது. உடம்பே தூக்கிவாரிப் போடும். உடனே ஓர் இரும்பு எடைக்கல்லைத் தூக்கிக் கறி மேல் வைத்து அழுத்துவார். சுர், சுர், சுர். பிறகு சுர். பிறகு ஒன்றுமில்லை. அப்போதுதான் அவர் முகம் தெளியும்.

"கசிவு நின்னுபோச்சுங்க. பாஸ்."

அதைத்தான் நாங்கள் தின்றோம். பன்னை நான் குறை சொல்ல மாட்டேன். பேக்கரியில் தனியாகச் சொல்லி வாங்கிய பன், மெத்தென்று இருக்கும். அதை நம்பிப் பல்லை இறக்குகிறவன் நடுவில் போய் நிற்பான். எதிர்வீட்டுத் தம்பிதுரை ரேஷன் கடையில் எடை போடுகிறவர், கல் கலந்த அரிசிக்குப் பழகிய பல். அவருக்கே ஒரு கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டுவிட்டது. இருந்தும் அந்த மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நெம்ப அருமைங்க. ஓட்டல்ல கூட இப்படிக் கெடைக்காதுங்க" என்றார். இரண்டாவது ஒன்றை நீட்டினால், "வகுறு திம்முனு இருக்குதுங்க." எங்கள் பக்கத்தில் சாப்பாடு போட்டவரிடம் குறை சொல்வது அவர் வீட்டுக் கூரையில் கல் எறிவதற்குச் சமம். கசாயத்தைக் கொடுத்தாலும் "இன்னொரு அரை தம்ளர் ஊத்துங்க" என்று கேட்கிற ஜனங்கள் நாங்கள்.

அவர் விடமாட்டார். "சாறு வந்துதுங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். வந்ததுங்க என்போம். ஒரு நாள் நான் குழாயடியில் கை கழுவிவிட்டுத் திரும்புகிறேன், முழங்கையில் தண்ணீர் சொட்டுகிறது. ஆறுச்சாமி பார்த்துவிட்டார். "பாத்தீங்களா, பாத்தீங்களா, மாஸ்டருக்கு வழியுது!" என்று தம்பிதுரையைக் கூப்பிட்டுக் காட்டினார். அது தண்ணீர் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். அதோடு விட்டேனா, கையைத் துடைக்காமலும் இருந்தேன்.

சரி, செய்தவருக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. வந்தவர்கள் கை கழுவி எழுந்த பிறகுதான் வீட்டுக்காரன் உட்கார வேண்டும் என்பது அவர் வளர்ந்த முறை. எல்லோருக்கும் கொடுத்து, உபசாரம் செய்து, தெருமுனை வரை வழியனுப்பிவிட்டு வந்து, பகல் இரண்டு மணிக்கு மிஞ்சிய ஒன்றைக் கடிப்பார். அது ஜில்லிட்டுப் போயிருக்கும். "ஆறிப்போச்சுன்னா அப்படித்தானுங்க. சூட்டோட திங்கற குடுப்பினை உங்களுக்குத்தான்" என்பார். தான் செய்த ஹாம்பர்கரைச் சூடாக ஒரு முறைகூடத் தின்றதில்லை அந்த மனிதர்.

இது இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, தம்பிதுரையின் பல்லைத் தவிர. போன புதன்கிழமை சாயங்காலம் ஆறுச்சாமி என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம்.

"மாஸ்டர், இத நல்ல பேப்பருல அடிச்சுக் குடுங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரப்ப கொண்டாந்தீங்கன்னாப் போதும்."

ராஜினாமாக் கடிதம். இன்ஜினீயரிங் காலேஜுக்கு எதிரில் ஒரு கடை காலியாகிறதாம். திங்கட்கிழமை காலை கம்பெனியில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாராம். ஹாம்பர்கர் கடை. போர்டுக்குக் கூடப் பெயிண்டரிடம் சொல்லிவிட்டார்.

"இருவத்திரண்டு வருச வேலைங்க. ஒருக்கா யோசிச்சுக்குங்க" என்றேன்.

"யோசிச்சுப்போட்டனுங்க. ஒருத்தரு நல்லாருக்குன்னா மொகத்துக்குச் சொல்றாங்கன்னு வெச்சுக்கலாம். ஒரு வருசமா இத்தன பேரு சொல்றீங்க. இத்தன பேரும் பொய்யா சொல்லுவீங்க?"

நான் மெஷினில் பேப்பரைச் செருகினேன். பதினான்கு வருடமாக மற்றவர்களுக்கு டைப் சொல்லித் தருகிறவன், அந்த அரைப் பக்கத்தை மூன்று தடவை அடித்தேன். விரல் போன இடமெல்லாம் தப்பு. எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை.

வெள்ளிக்கிழமை மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாசாணியம்மாள் கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, லெட்டரு நீங்கதான் அடிச்சுக் குடுக்கறீங்களாமா?"

"கேட்டாருங்க, அம்மணி. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"ரெண்டு புள்ளைக படிச்சுட்டு இருக்குதுங்கண்ணா. அந்த மனுசனுக்கு மத்த தொழில் ஒண்ணும் தெரியாது. அது நல்லால்லைன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?"

"நீங்களே சொல்லலாமுங்களே."

"நான் கறி திங்காதவ. திங்காதவ சொன்னா எடுபடுமுங்களா? தின்ன வாயெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுது." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரியுங்க, உடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. கடிதம் உறையில், உறை என் சட்டைப் பையில். தம்பிதுரை எனக்கு முன்பே வந்து ஆடும் பல் பக்கத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறி எட்டும் சுத்தியல் சோதனை முடிந்து அடுப்புக்குப் போயின. எடைக்கல் ஏறியது, கசிவு நின்றது. முதல் இரண்டும் எங்கள் கைக்கு வந்தன. ஆறுச்சாமி பன் வாட்டத் திரும்பிய சமயம் பார்த்து, வழக்கம்போல நான் செம்பருத்தித் தொட்டி ஓரமாக நகர்ந்தேன்.

"அங்க எடமில்லீங்கண்ணா" என்றார் மாசாணியம்மாள்.

வாசற்படியில் நின்றிருந்தார். கையில் முறம். கறியைத் தொடாதவர், அதை ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி முறத்தில் சேர்த்திருக்கிறார். இறங்கி வந்து முறத்தைக் கணவர் முன்னால் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தார். பதினோரு ஹாம்பர்கர்கள். பன் எல்லாம் எறும்பும் அணிலும் தின்று போய், கறி மட்டும் வட்டம் வட்டமாக, கறுப்பாக, குறையாமல் இருந்தது.

"இந்த நாலும் செம்பருத்தித் தொட்டிக்குப் பொறத்தாலயிங்க. டைப்பு அண்ணன் வெச்சது. இந்த அஞ்சும் சாக்கடை ஓரம். ரேசன்கடை அண்ணன். மத்த ரெண்டும் மதிலுக்கு அந்தண்ட கெடந்துச்சு, ஆருதுன்னு தெரியல. மூணு மாசத்துது கூட இருக்குதுங்க. நாய் மோந்து பாத்துட்டுப் போயிருது."

தம்பிதுரை தன் கையிலிருந்ததைப் பார்த்தார். கடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. எனக்கு நின்ற இடத்தில் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

ஆறுச்சாமி அதில் ஒன்றை எடுத்துத் தட்டினார். கணீரென்றது. அடுப்புக் கம்பியின் விளிம்பில் ஓங்கி அடித்து இரண்டாக உடைத்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து உடைந்த பக்கத்தைப் பார்த்தார்.

"ஒரு ஓட்டை இல்லீங்க" என்றார், மெதுவாக. அரை நிமிடம் அவர் முகத்தில் ஒரு பெருமை கூட வந்து போனது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு சொல்லு சொல்லீருக்கலாமுங்களே, மாஸ்டர்."

நான் தலையைக் குனிந்தேன்.

"உங்க செவுத்துல ஊறுமுன்னு மொகத்துக்கு நேரா சொன்னனுங்களே. நல்ல நாளும் அதுவுமா. ஒரு பீஸுக்காவது பொய்யா நான் பாஸ் போட்டிருக்கறனுங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் 'ங்க' போட்டுக் கேட்டார்.

எடைக்கல்லைத் தரையில் வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, ரிஜெக்ட்டுன்னா காரணம் சொல்லோணும்."

"எனக்குக் கறி தெரியாதுங்க. வடை தெரியும்" என்றார் மாசாணியம்மாள். "வடைய ஆராச்சும் கட்டையில இடிச்சுத் தட்டுவாங்களா? பம்புல சொட்டுக் கசியக்கூடாதுன்னு இறுக்கறீங்க, அது சரி. இது கசியோணுமுன்னுதான மொழங்கையத் தூக்கித் தூக்கிக் காட்டுனீங்க? அந்தக் கைதான் கல்லத் தூக்கி வெச்சு இருக்கறதையும் புழிஞ்சு உடுது."

ஆறுச்சாமி தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார்.

கறி பிசைந்த அண்டாவின் அடியில் ஒரு பிடிக் கறி மீதி இருந்தது. "அந்த எலையில பொறுக்கிப்போட்டதையும் சேத்துக் கொத்துங்க" என்று படியில் நின்றபடியே சொன்னார் மாசாணியம்மாள். சேர்த்தார். "அச்சு வேண்டாமுங்க. கையில லேசாத் தட்டுங்க." தட்டினார். ஓரமெல்லாம் வெடித்து, ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அவர் கையிலிருந்து அப்படி ஒரு கோணல் வெளிவந்திருக்காது. வெர்னியர் பக்கம் போன கையை அவரே இழுத்துக்கொண்டார்.

கறி கம்பி மேல் உட்கார்ந்தது. 'சுர்' என்றது. ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் சுர், சுர். வலது கை எடைக்கல்லுக்கு நீண்டது. இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. அப்படியே கைகட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் தோள் துடிக்க நின்றார். ஒரே ஒரு தடவை திருப்பிப்போட்டார். அடுப்பு முழுக்கப் புகையும் மணமும் எழுந்தது. தம்பிதுரை தன்னை மறந்து எச்சில் விழுங்கினார்.

பன்னுக்குள் வைத்து என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

"ஊட்டுக்காரன் மொதல்ல திங்கறதுங்களா? நல்லா இருக்குதுங்களே நாயம். தின்னுங்க." பிறகு, "அந்த லெட்டரக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். உறையிலிருந்து கடிதத்தை எடுத்தார். படிக்கவில்லை. மடிப்பு நீக்கி, துவைகல்லின் மேல், என் முழங்கைக்கு நேர் கீழே விரித்து வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் எடைக்கல்லை ஓரத்தில் வைத்தார்.

கடித்தேன். பல் போய்க்கொண்டே இருந்தது. நாக்கில் சூடாக, உப்பாக, மிளகுக் காரத்தோடு பொங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

"நல்லாருக்குங்க" என்றேன். "ஆறுச்சாமி அண்ணா, சத்தியமா நல்லாருக்குங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, டார்ச்சை என் கை மேல் அடித்துக்கொண்டிருந்தார். சாறு மணிக்கட்டில் இறங்கி, கடிகார வாரைத் தாண்டி, முழங்கை நுனியில் வந்து முத்தாக நின்றது. கொஞ்சம் நடுங்கியது. பிறகு கடிதத்தின் மேல், நான் மூன்று தடவை அடித்துச் சரிசெய்த இரண்டாவது வரியில், சொட்டென்று விழுந்தது.

ஆறுச்சாமி பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து, அந்த ஈரத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.